ஒரே ஒரு விசுவாசி

கடல் தாண்டி ஊழியத்துக்கு வந்த போதகர், தகரக் கூரைக்கடியில் வறுசட்டிப் பயறாய் வறுபட்டுக்கொண்டிருந்தார். எதிரே ஒரே ஒரு கூட்டாளி.

“தெருவுல போய் நரகம் சுடும்னேன். ‘இங்கேருந்து போறவங்களுக்குப் போர்வை குடுப்பாங்களா’ன்னு கேக்குறாங்கப்பா. நீயாவது சிரிப்பியா?”

கூட்டாளி இடமும் வலமுமாகத் தலையாட்டினான்.

“வந்ததுலேருந்து காலி பெஞ்சுக்குத்தான் பிரசங்கம் பண்றேன். பேசாம ஊருக்கே போயிடட்டுமா?”

அதற்கும் அதே தலையாட்டல்.

“போகவும் விடமாட்டே. சரி, நாளைக்காவது ஒருத்தர் கோயிலுக்குள்ள வருவாங்களா, சொல்லு.”

கரண்ட் போனது. அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்த மேசை விசிறி அவர் முகத்தைப் பார்த்தபடியே அசையாமல் நின்றுவிட்டது.

வேர்வை கண்ணில் இறங்க, போதகர் சிரித்தார்.

“இதுக்கு மட்டும் இல்லைன்னு சொல்லலியே, ராசா.”

துண்டை உதறிக்கொண்டு பெஞ்சுகளைத் துடைக்கப் போனார்.