பழைய துணி

மூன்றாவது மூட்டையையும் டிக்கியிலிருந்து இழுத்துக் கீழே போட்டுவிட்டு, கான்ட்ராக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவ்வளவு கனத்தைத் தூக்குவதை நாலு பேர் பார்க்க வேண்டாமா?

மூட்டைகளில் இருந்தது பழைய துணி. கட்டிய புருஷனிடம் அடிபட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறிய பெண்களுக்கு ஓர் இல்லம் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று வெளியாட்களுக்குச் சொல்வதில்லை. அதற்காகத்தான் குடியிருப்போர் சங்கம் அன்று தன் மண்டபத்தில் பணமும் துணிமணியும் திரட்டிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் கொடுக்கறாங்க, நம்ம பேர்ல ஏதாவது கொடுக்கலாங்க" என்று மனைவி ஒரு வாரமாக நச்சரித்ததில் மனிதர் மனமிரங்கியிருந்தார். சங்கத் தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

மனைவி அவருக்குப் பின்னால் மகளைக் கைப்பிடித்து வந்தாள். மனைவியின் மணிக்கட்டில் கட்டு போட்டிருந்தது. வரவேற்பில் நின்றவரின் கண் அதன்மேல் விழுவதற்குள் கான்ட்ராக்டர் முந்திக்கொண்டார்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா. மெதுவா நடன்னு சொன்னா கேட்டாத்தானே!"

மனைவி சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. ஏழு வயதுதான், இன்னும் அந்தப் பழக்கம் வரவில்லை.

மண்டபத்துக்குள் மூட்டைகளை இறக்கும்போது ஒன்றின் முடிச்சு அவிழ்ந்துகொண்டது. மேலாக, மடிப்புக் கலையாமல் ஒரு பள்ளிச் சீருடை. கான்ட்ராக்டர் குனிந்து அதை உருவினார்.

"இது இந்த வருஷம் எடுத்ததுதானே?"

"பாப்பா வளந்துட்டா. பத்தலைங்க."

கான்ட்ராக்டர் குரலை உயர்த்தவில்லை. அவர் குரலை உயர்த்தாதபோதுதான் பயப்பட வேண்டும்.

"என் காசு என்ன தண்ணியா, நீ பாட்டுக்கு வாரி இறைக்க? மூணையும் கொண்டு போய்த் திரும்ப வண்டியில வை. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

வீட்டுக்குப் போய்ப் பேசினால் என்ன நடக்கும் என்று தாய்க்கும் தெரியும், மகளுக்கும் தெரியும். அந்த வீட்டில் பேசுவதற்கு அவர் வாயைப் பயன்படுத்துவதில்லை. மனைவி குனிந்து முடிச்சைப் போட்டாள். கட்டுப் போட்ட கைக்கு அது இறுகவே இல்லை.

"அடடே, மூணு மூட்டையா!" சங்கச் செயலாளர் கேமராவோடு ஓடி வந்தார். "சார், அப்படியே ஒண்ணைத் தூக்கிப் பிடிங்க. ம்... கொஞ்சம் சிரிங்க."

கான்ட்ராக்டர் தூக்கிப் பிடித்தார், சிரிக்கவும் செய்தார். போட்டோவில் விழுந்துவிட்ட மூட்டையை இனி எந்த முகத்தோடு திருப்பி எடுத்துப் போவது? வகையாக மாட்டிக்கொண்டார்.

"நீங்க மேடைக்கு வந்து ரெண்டு வார்த்தை பேசணும் சார்."

மேடை என்றதும் அவர் முகம் மலர்ந்தது. ஆனாலும் மனிதர் உஷார். மகளின் கையைப் பிடித்து இழுத்துத் தன்னோடு நிறுத்திக்கொண்டு, சிரித்த முகம் மாறாமலே மனைவியிடம் சொன்னார்.

"இதையெல்லாம் உள்ள போட்டுட்டு உடனே வந்து முன் வரிசையில உக்காரு. பாப்பா எங்கூட இருக்கட்டும்."

அவர் பிடித்த பிடியில் குழந்தையின் விரல்கள் வெளுத்தன.

துணி பிரிக்கும் பொறுப்பு டெய்லர் அக்காவுக்கு. கழுத்தில் டேப்போடு வந்தவள் மூட்டைகளைப் பின்னறைக்கு இழுத்துப் போனாள். மனைவியும் கூடவே போனாள். அறையின் பின்கதவு திறந்திருந்தது. வெளியே இல்லத்து வேன் நின்றது.

"வண்டி எப்பக்கா கிளம்பும்?"

"இந்தா, இந்தக் குவியலை முடிச்சுட்டு உங்க மூட்டையைப் பிரிச்சு, சைஸ் பார்த்து அடுக்கிட்டா கிளம்ப வேண்டியதுதான். நீயும் ஒரு கை பிடியேன்மா."

மனைவி கை கொடுக்கவில்லை. மண்டபத்துப் பக்கத்துக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒலிபெருக்கியில் கணவரின் குரல் கணீரென்று கேட்டது.

"பொம்பளைங்க கண் கலங்கக் கூடாதுங்க! என் வீட்ல கேட்டுப் பாருங்க, சொல்லுவாங்க!"

கைதட்டல் எழுந்து அடங்கியது. அக்கா கையிலிருந்த குவியலை முடித்துவிட்டாள். டிரைவர் அம்மா உள்ளே எட்டிப் பார்த்து, "ஆச்சா? நான் கிளம்பணும்" என்றாள்.

அப்போது அதே ஒலிபெருக்கியில் சின்னதாக ஒரு குரல் கேட்டது.

"அப்பா... ஒண்ணுக்கு வருது."

மண்டபமே கொல்லென்று சிரித்தது. அத்தனை பேர் முன்னால் கான்ட்ராக்டரும் சிரித்துத்தான் ஆக வேண்டியிருந்தது. "போ போ, அம்மாகிட்ட போ" என்றார்.

மகள் ஓடி வந்தாள். உள்ளே நுழைந்ததும் எம்பிக் கதவைத் தாழிட்டுவிட்டு அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஒண்ணுக்குப் போக வேண்டும் என்று சொல்லவில்லை.

டெய்லர் அக்கா இதையெல்லாம் கவனிக்கவில்லை. முதல் மூட்டையின் முடிச்சை அவிழ்த்து உள்ளே பார்த்து வாயைப் பிளந்தாள். "எல்லாம் தேய்ச்சு மடிச்சு, புதுசு போல இருக்கே! இப்படி யாரும் கொடுத்து நான் பார்த்ததே இல்லம்மா." ஒவ்வொன்றாக எடுத்து அளவு பார்க்கத் தொடங்கினாள்.

மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிரிக்காதீங்கக்கா. மூட்டையோட எங்க ரெண்டு பேரையும் சேர்த்து வண்டியில ஏத்திக்குங்க."