நெஞ்சுவலிக்கு வழியில்லை

"நெஞ்சுவலியா? நல்லா கீதே கதை! காலையிலயும் ஒருத்தர் இப்படித்தான் நெஞ்சைப் புடிச்சுக்கினு வந்தாரு."

ஜீப்பை மறித்த சின்னராசு சொன்னதும் கூட்டம் சிரித்தது.

ஜீப்பின் பின்பக்கம், தெரசாவின் மடியில் தலைவைத்துக் கிடந்தார் கணவர் பிலவேந்திரன். உடம்பெல்லாம் வேர்வை.

"இதயத்துக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கும்மா. நாக்குக்கு அடியில மாத்திரை வெச்சிருக்கேன். உடனே கள்ளக்குறிச்சிக்குக் கொண்டு போங்க. ஒரு அடிகூட நடக்க விடாதீங்க" என்று சங்கராபுரம் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

நடுரோட்டிலோ புளியமரம் படுத்திருந்தது. எண்பத்தேழாம் வருஷம் அது. இடஒதுக்கீடு கேட்டுக் கேட்டு வாய் வலித்தவர்கள் வெட்டிப் போட்ட மரம். மனுவைப் படிக்காத சர்க்கார் மரத்தையாவது திரும்பிப் பார்க்கட்டும் என்ற கோபம்.

"எறங்கி நடந்து தாண்டுங்க. அந்தாண்ட வேற வண்டி பாருங்க."

"நடந்தா உசுரே பூடுங்க!"

"அரிசி மில்லு கந்தசாமியும் இதையேதான் சொன்னாரு. பாவம்னு மரத்தை நவுத்துனோம். தாண்டினதும் எழுந்து ஒக்காந்து கையாட்டிக்கினு போறாரு! இனிமே நோயாளின்னு எவன் வந்தாலும் விடாதீங்கன்னு ரோடு பூரா சொல்லி அனுப்பிட்டோம்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சடையன் வந்தார். அந்தப் பக்கத்துப் போராட்டத்துக்கு அவர்தான் தலைவர். தடியடியும் ஜெயிலும் பார்த்த மனுஷன். முகத்தில் ஈரமே கிடையாது.

தெரசா கும்பிட்டாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. பிலவேந்திரனின் மூக்கருகே விரல் வைத்தார். நாடி பிடித்தார். பிறகு உள்ளங்கையால் அவர் கண்ணை மூடிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஆளு பூட்டாருடா."

"அய்யோ! மூச்சு இருக்குதுங்க! என் கையைப் புடிச்சுக்கினு கீறாருங்க!"

"கொஞ்ச நேரம் அப்படித்தான் தோணும்."

தோளில் கிடந்த துண்டைக் கிழித்து, பிலவேந்திரனின் கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினார் சடையன். தெரசா பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"உசுரோட கீறவருக்குக் கால்கட்டா? நீயெல்லாம் மனுசனா? உனக்கு ஒரு தலைவர் பட்டம் வேறயா?"

"துக்கத்துல பேசுது பாவம்" என்றார் சடையன், கூட்டத்தைப் பார்த்து. "இன்னாடா வேடிக்கை பாத்துக்கினு? பொணத்துக்கு வழி விடுங்கடா!"

சிரிப்பு அடங்கிப்போனது. தலையில் கட்டியிருந்த துண்டுகள் அவிழ்ந்தன. இளவட்டங்கள் ஏலேலோ போடாமல் வாய்மூடி மரத்தை இழுத்தார்கள். சின்னராசு செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றான்.

ஜீப் மெல்ல ஊர்ந்தது. சடையன் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். கூட்டம் பின்தங்கியது. ஆத்திரம் தாங்காமல் தெரசா அவர் முகத்தில் துப்பினாள்.

கிழிந்த துண்டால் துடைத்துக்கொண்டு, அவர் உள்ளே குனிந்து கிசுகிசுத்தார்.

"கால்கட்டை அவுத்துடாத தங்கச்சி. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கத்தி அழுதுக்கினே போ. வழியில இன்னும் நாலு மரம் கெடக்குது. நோயாளின்னா எவனும் விடமாட்டான்."