ஆமென் விழும் வரை

தலைமேல் கைகள் இருந்தன.

எத்தனை கைகள் என்று வேதக்கண் போதகருக்குத் தெரியவில்லை. மோதிரங்கள் மட்டும் குத்தின.

முழங்காலுக்கடியில் வெல்வெட் திண்டு. குனிந்த கண்ணுக்கு எட்டியதெல்லாம் பாதங்கள். ஒரு ஆமென் விழுந்தால் கைகள் விலகும், அவர் எழுந்திருக்கலாம். எழும்போது அவர் வடகரை லுத்தரன் பேராயத்தின் புதுப் பேராயர்.

ஆமெனுக்கு முன்னால் ஒரு கார் வந்துவிட்டால், பழையபடி போதகர்.

தேர்தல் செல்லாது என்று யாரோ வழக்குப் போட்டு, காலையில்தான் மதுரையில் தடை உத்தரவு வாங்கியிருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீல் நாலுவழிச் சாலையில் வந்துகொண்டிருந்தார். யாரோ என்ன யாரோ, தேர்தலில் தோற்ற தேவபிச்சை போதகர்தான் என்று கோவில் முழுக்கத் தெரியும்.

தோற்றவருக்கு ஆறுதலாக ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று, பதவியேற்பு ஜெபத்தை அவரிடமே கொடுத்திருந்தது கமிட்டி.

அங்கேதான் சறுக்கியது. அந்தப் பேராயத்தில் யார் பேச்சையும் மறிக்கலாம். மைக்கைப் பிடுங்கலாம். போன பொதுக்குழுவில் நாற்காலியே பறந்தது. ஜெபத்தை மட்டும் மறிக்க முடியாது.

தேவபிச்சை கண்ணை மூடி மடையைத் திறந்தார்.

பாபநாசம் அணைக்காக ஜெபித்தார். மணிமுத்தாறு கோபித்துக்கொள்ளாதபடி அதற்கும் ஜெபித்தார். களக்காட்டு வாழைக்காகவும், வாழையைச் சாய்க்கும் காட்டுப்பன்றிகளின் மனமாற்றத்துக்காகவும் ஜெபித்தார். மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் தாய்மாரின் முதுகுவலி, வண்ணார்பேட்டையில் நகராத பஸ்களுக்குள் வேகிறவர்கள், ஒருவரையும் விடவில்லை.

"இயேசுவின்..." என்றார். சபை மொத்தமும் ஆமெனுக்கு மூச்சை இழுத்தது.

"...மந்தையாகிய பேட்டைப் பட்டறைத் தொழிலாளரையும் நினைத்தருளும்" என்று மேலே போனார்.

இழுத்த மூச்சு பெருமூச்சாக வெளியே வந்தது.

வேதக்கண் காதை வாசலில் வைத்திருந்தார். ஆட்டோ. இன்னொரு ஆட்டோ. தண்ணீர் லாரி.

பட்டு அங்கிக்குள் வியர்வை முதுகில் ஊர்ந்தது. சொறியக்கூட வழியில்லை.

பக்கத்தில் சாக்ஸ் போட்ட இரண்டு கால்கள். மனைவியின் தம்பி சாம்துரை. தேர்தலில் நின்றவர் வேதக்கண், நிறுத்தியவர் அவர். மிஷன் பள்ளி மைதானத்தில் வரப்போகிற கடை வளாகத்துக்குப் படம் போட்டாயிற்று. பேராயர் கையெழுத்துதான் பாக்கி. அதற்கொரு தங்கமுலாம் பேனாவும் வாங்கி அத்தான் பையில் செருகியாயிற்று.

வாக்கு எண்ணும்வரை அது தேர்தல். எண்ணி முடித்தால் தேவ சித்தம். தேவ சித்தத்துக்கு ராஜினாமா கிடையாது, அதுவும் மனைவி வீட்டார் எதிரே நிற்கும்போது.

சாம்துரை குனிந்தார். "அத்தான், பயப்படாதீங்க. ஆமென் மட்டும் விழட்டும். பிறவு கோர்ட்டுப் பேப்பர்ல பிரியாணிதான் பொட்டலம் கட்டணும்."

கோவிலுக்குப் பின்னால் பிரியாணித் தம்மை உடைத்துவிட்டார்கள். வாசனை ஜன்னல் வழியே வந்து, பக்திமான்கள் வயிற்றில் பேசியது.

தேவபிச்சை அதற்குள் இமயமலையில் காவல் நிற்கும் ராணுவ வீரர்கள்வரை போய்விட்டார். அங்கே குளிர் போலிருக்கிறது. இருமினார்.

அந்த ஒரு இருமல் போதும்.

"ஆமென்!" என்றார் சாம்துரை.

ஜெபத்தை மறிக்க முடியாதுதான். ஆமெனை யார் மறிக்க? பசித்த சபை கூரை அதிர "ஆமென்" என்றது.

கைகள் விலகின. பேராயர் தொப்பி தலையில் இறங்கியது. மணி அடித்தது, வெளியே வெடி வெடித்தது. வேதக்கண் கண்ணிலிருந்து நீர் தாரையாக ஓடியது. ஆவியானவர் இறங்கிவிட்டார் என்று முன்வரிசைப் பெண்களும் கண்ணைத் துடைத்தார்கள்.

தோற்றவர் வென்றவரைத் தழுவுவது நிகழ்ச்சி நிரலிலேயே இருந்தது. தேவபிச்சை வந்து புதுப் பேராயரை இறுகக் கட்டிக்கொண்டார். என்ன பெருந்தன்மை என்று கைதட்டல் அடங்கவில்லை.

அந்தச் சத்தத்துக்குள் அவர் காதோரம் சொன்னார்:

"தொண்டை போச்சு வே. இதுக்கு மேல எப்படி இழுக்க? எங்க போய்த் தொலைஞ்சான், நீரு காசு குடுத்து வச்ச உம்ம வக்கீலு?"