வாறன்

“நிமலன் தொலைபேசியில் கடைசியாக என்ன சொன்னான்?”

போன கிழமை நோர்வேத் துப்பறிவாளர் ஒருவர் நிமலனின் தாயிடம் கேட்டார்.

வருகிறேன் என்றான், என்று தனக்குத் தெரிந்த நோர்வே மொழியில் சொன்னாள்.

அதை வைத்துத்தான் மகனைத் தேடினார்கள். அவன் பேசிய தொலைபேசிக் கூண்டுக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு பாலம். பாலத்தின் முனையில் அவன் சைக்கிள் நின்றது. கீழே கடல்.

அவள் வேலை செய்யும் மீன் தொழிற்சாலைக்கு வரமாட்டேன் என்று ஒரு மாதமாக வீட்டில் சண்டை. கோபம் ஆறி வருகிறான் என்று நினைத்து அன்று புட்டு அவித்தாள்.

இன்று துப்பறிவாளர் மறுபடி வந்திருந்தார். சவரம் செய்யாத முகம். காலுறை ஓட்டையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. மனைவி பிரிந்ததிலிருந்து குடி என்று தொழிற்சாலையில் பேசிக்கொள்வார்கள்.

நாளையோடு கடலில் தேடுவதை நிறுத்தப் போகிறார்களாம். குனிந்து ஒரு சப்பாத்தின் நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னார்.

பிறகு கதவைப் பிடித்து நிமிர்ந்து, நான் போகிறேன் என்றார்.

பிள்ளையைக் காணாத வீட்டின் வாசலில் சொல்கிற சொல்லா அது?

“போறன் எண்டு சொல்லாதேங்கோ.”

தமிழில் சொன்னால் அவருக்கு எப்படிப் புரியும்? உடைந்த நோர்வே மொழியில் விளக்கினாள். எங்கள் ஆட்கள் போகிறேன் என்று சொல்வதில்லை. போகும்போதும் வருகிறேன் என்றுதான் சொல்வோம்.

கதவுப் பிடியில் அவர் கை நின்றுவிட்டது.

போகும்போதா, என்று கேட்டார்.

ஓம். போகும்போது.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

“அம்மா, வாறன்.”

அவ்வளவுதான் சொன்னான். மெதுவாகச் சொன்னான். எங்கே என்றுகூடக் கேட்காமல் அவள் அடுப்படிக்கு ஓடினாள்.

சைக்கிள் நின்ற இடத்துக்கு எதிரேதான் தெற்கே போகும் பேருந்து நிற்கும். வீட்டுக்கு வருகிறவனுக்குப் பேருந்து எதற்கு? ஓட்டுநர்களிடம் ஒருவரும் போய்க் கேட்கவில்லை.

தெற்கே போகும் பேருந்து, என்று அவரிடம் சொன்னாள். ஒரு கிழமைக்குப் பிறகு மூச்சு அடிவயிறுவரை இறங்கியது.

அவர் அவளையே பார்த்தார். அந்த முகத்தில் ஏதோ விழித்துக்கொண்டது.

மற்றச் சப்பாத்தின் நாடாவைக் கட்டாமலே, போகிறேன் என்றும் சொல்லாமல், பனிக்குள் இறங்கி வண்டியை நோக்கி ஓடினார்.