கைப்பிடிப் பஞ்சு

துணிப்பையை மடியை விட்டு இறக்கவில்லை அவள்.

வக்கீலம்மாவின் மாடி அறைக்கு இது மூன்றாவது நடை. மகள் ரோசலின் படியில் பின்னால் வந்துகொண்டிருந்தாள். பிள்ளை பெற்றதிலிருந்து உடம்பு போட்டுவிட்டது, நாலு படி ஏறினால் நின்றுவிடுகிறாள். சோம்பேறித்தனம் என்று இவளும் திட்டாத நாளில்லை.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் உழைத்த புருஷன் சவரிமுத்து, அந்த நார்த்தூசியில் நுரையீரல் கெட்டு, வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டரோடு கிடக்கிறார். நஷ்டஈடு கேட்டால், அவர் தோட்டக்காரர், ஆஸ்பெஸ்டாஸ் நார் கொட்டிவைக்கும் அறைப் பக்கமே போனதில்லை என்கிறது கம்பெனி.

தோட்டக்காரராம். அந்தக் கம்பெனிக்குள் ஒரு செம்பருத்திச் செடி உண்டா?

வருகைப் பதிவேடு தொலைந்துவிட்டதாம். கூட வேலை பார்த்தவர்களில் சாட்சி சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை.

அந்த நாரை அவர் கையால் தொட்டார் என்று காட்ட எதையாவது கொண்டுவாருங்கள் என்று போன மாதம் வக்கீலம்மா சொல்லியிருந்தார்.

பரணில் இருந்தது.

பையிலிருந்து அந்தக் குட்டித் தலையணையை எடுத்து மேசைமேல் வைத்தாள். வாத்துப் படம் போட்ட உறை. ஓரத்தில் தையல் விட்டிருந்தது.

"ரோசலின் பொறந்தப்ப இலவம்பஞ்சு வாங்க வழியில்லம்மா. நார் ரூம்ல இருந்து அவருதான் தெனம் சாப்பாட்டுத் தூக்குல ஒரு கைப்பிடி கொண்டாருவாரு. வெள்ளை வெளேர்னு, அவ்வளவு மெத்துனு இருக்கும். மூட்டைப்பூச்சிகூட அண்டல. எட்டு வயசு வரைக்கும் இதைக் கட்டிக்கிட்டாத்தான் அவளுக்குத் தூக்கம்."

சொல்லும்போதே அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. இனி கம்பெனிக்காரர்கள் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவார்கள்?

பழக்கதோஷத்தில் தலையணையை இரண்டு தட்டுத் தட்டினாள்.

சன்னல் வெயிலில் தூசி எழுந்தது.

வக்கீலம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மின்விசிறியை நிறுத்தினார்.

"தட்டாதீங்கம்மா."

அவள் கை அப்படியே நின்றது.

"இது போதும்ல? கேஸ் ஜெயிச்சிருமா?"

"ஜெயிச்சிரும்."

வக்கீலம்மா உட்காரவில்லை. தலையணையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க மகளுக்கு இப்ப என்ன வயசு?"

"முப்பத்தொண்ணு."

சொன்ன பிறகுதான் அவள் வாசல் பக்கம் திரும்பினாள்.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. மூன்று படி ஏறி, நின்றது. மூச்சு இழுபடுவது அறைக்குள் வரை கேட்டது.

இன்னும் எட்டுப் படி இருந்தது.