சுவருக்கு அந்தப் பக்கம்

"மெதுவா, ஞானம்மா, மெதுவா! ஊட்டுக்காரரு செவுத்த இடிக்கிறது காதுல உழலியா?"

பாக்கியநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். முழங்காலில் நின்றிருந்த அவன் மனைவி கண்ணைத் திறக்கவில்லை. குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டு ஜெபத்தைத் தொடர்ந்தாள்.

டொக், டொக் என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மறுபடியும் சத்தம் வந்தது. இந்த முறை இன்னும் பலமாக.

கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் எழும்பத் தொடங்கியிருந்த காலம் அது. வேலை கிடைத்தது, வாடகைக்கு வீடுதான் கிடைக்கவில்லை. பள்ளிப்பட்டிலிருந்து இரும்பு ஆலை வேலைக்கு வந்த பாக்கியநாதன் தெருத் தெருவாக அலைந்து சலித்த பிறகு, முனிகிருஷ்ணன்தான் தன் வீட்டை ஒட்டினாற்போல் இருந்த அறையைக் கொடுத்தார். நஞ்சை நிலம் வைத்துப் பயிரிடுகிறவர். நெற்றியில் நாமம் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது.

"வேதக்காரங்களா? இருங்க. பேஜாரு பண்ணாம இருந்தா செரி" என்று அன்று சொன்னதோடு சரி. அதற்குமேல் அவர் பேசியதில்லை.

ஞானம்மாவுக்கு விடிந்ததும் ஜெபம் செய்தாக வேண்டும். அதையும் வாய்விட்டுத்தான் செய்வாள். பெற்றவர்கள், உடன்பிறந்தவர்கள், ஆலையில் உலைக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் என்று யார் யாருக்காகவோ வேண்டுவாள். பாக்கியநாதன் அந்த நேரத்தில் கண்ணாடி முன் நின்று முகம் மழித்துக்கொண்டிருப்பான். அவள் ஜெபம் அவனுக்கு அடுப்பில் சோறு கொதிக்கிற சத்தம் மாதிரி. காதில் விழும்; என்னவென்று கவனித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வருவான். அவன் பக்தி அந்த அளவோடு நின்றது.

சுவர் இடி ஆரம்பித்த பிறகுதான் அவன் காது கூர்மையானது. அதுவும் சுவர்ச் சத்தத்துக்காகத்தான்; ஜெபத்தின் வார்த்தைகளை அப்போதும் அவன் கவனிக்கவில்லை. ஜெபத்தின் நடுவே ஓரிடத்தில் ஞானம்மாவின் குரல் தானாகவே தழையும். சொல்லிவைத்தாற்போல் அந்த இடத்தில்தான் இடி தொடங்கும்.

"நாளையிலேர்ந்து மனசுக்குள்ளயே ஜெபம் பண்ணு" என்றான் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டே.

"வாய்விட்டுச் சொன்னாத்தாங்க எனக்கு ஜெபம் பண்ணா மாரி இருக்கு."

"அவங்க ஊட்ல ஒடம்பு முடியாத பொம்பள படுத்துக்கினு இருக்குது. அது தூங்க வேணாமா? காலி பண்ணுன்னு அவரு சொல்லிட்டா எங்க போறது? நீ வேற மாசமா இருக்கே."

ஞானம்மா தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டாள். "செரிங்க. இனிமே சத்தம் போடல. கேக்க வேண்டியவருக்குக் கேட்டா போதும்."

மறுநாள் பக்கத்தில் நிற்பவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தாள். இடி பலத்தது. அதற்கு மறுநாள் வெறும் மூச்சாக ஜெபித்தாள். சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து பாயில் விழுந்தது.

பாக்கியநாதனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "பிரச்சின சத்தம் இல்ல, ஞானம்மா. இயேசு பேரு அவருக்குப் புடிக்கல. வேற ஊடு பாத்துட வேண்டியதுதான்."

"நல்ல மனுசங்க. அவரு அப்பிடி நெனைக்க மாட்டாருங்க."

"அப்ப எதுக்கு இடிக்கிறாரு?"

ஞானம்மா பாயில் கிடந்த சுண்ணாம்பைக் கையால் கூட்டி அள்ளினாள்.

அடுத்த நாள் காலையில் மழை பிடித்துக்கொண்டது. ஞானம்மா வழக்கம்போல முழங்காலில் நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. ஓட்டில் விழும் மழைச் சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தமே இல்லை. ஆனாலும் அந்தப் பக்கம் இடி தொடங்கியது. விட்டுவிட்டு அல்ல, அவசரம் அவசரமாக, வெறி பிடித்தாற்போல. பிறகு சட்டென்று நின்றது.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

பாக்கியநாதன் பாதி மழித்த முகத்தோடு போய்த் திறந்தான். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு முனிகிருஷ்ணன் நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது. மூச்சு வாங்கியது.

"இன்னாப்பா, ஜெபத்த நிறுத்திட்டீங்களா?"

"நிறுத்திட்டோங்கண்ணா." பாக்கியநாதன் கையைக் கூப்பினான். "தெரியாம பண்ணிட்டோம், மன்னிச்சிக்கோங்க. இனிமே இந்தப் பக்கம் ஒரு சத்தம் வராது. மாசமா இருக்கறவள வெச்சிக்கினு திடீர்னு எங்கயும் போவ முடியாதுங்கண்ணா. கொஞ்சம் டயம் குடுங்க."

"ஐயோ, போறதா? எங்க போற நீ?" முனிகிருஷ்ணன் பதறிவிட்டார். "தெனம் விடியறதுக்கு முன்னயே நான் கழனிக்குப் பூடுவேன்பா. இங்க நடக்கிறது எனக்கு எங்க தெரியும்? மழன்னு இன்னிக்குத்தான் ஊட்ல இருந்தேன். செவுத்த இடிக்கிறது நானில்ல, எம் பொண்டாட்டி ரத்னா. கொழந்த தங்காம போனதுலேர்ந்து ஒரு வார்த்த பேசாதவ. சோறு தண்ணி வேணாம்னு செவுத்துப் பக்கம் திரும்பியே கெடந்தவ. அவ சொம்ப எடுத்து இடிச்சிக்கினு இருக்கா. இன்னாடி வேணும் ஒனக்குன்னு கத்திட்டேன். வாயத் தொறந்துட்டாப்பா!"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாக்கியநாதனைத் தாண்டி உள்ளே நின்ற ஞானம்மாவைப் பார்த்தார்.

"'அந்த அக்காவ கொஞ்சம் சத்தமா சொல்லச் சொல்லு, எம் பேரு வர்ற எடம் கேக்கவே மாட்டேங்குது'ன்னு சொல்றாம்மா."