சமையலறையின் காது

கணவனும் மனைவியும் தனியாகப் பேசிக்கொள்ளும் இரண்டு நிமிடத்துக்கு மரக்கடைக்காரர் வைத்திருந்த விலை ஐந்து லட்சம். குறைத்துச் சொன்னால் தொழிலுக்கே அவமானம் என்பார்.

இப்போது அவர் தன் வீட்டுக் கார் கொட்டகையில், காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி நின்றிருந்தார். தெருவில் போகிறவர்கள், ஏதோ பாட்டில் சொக்கிப் போயிருக்கிறார் என்றே நினைப்பார்கள்.

வீட்டை வாங்க வந்த மருந்துக்கடைக்காரரையும் அவர் மனைவியையும் சமையலறை மேசையில் உட்கார வைத்திருந்தார். “ஒரு போன் பேசிட்டு வந்துடறேன். நீங்க ரெண்டு பேரும் கலந்து பேசி ஒரு விலை சொல்லுங்க” என்று நழுவி வந்தவருக்கு, உள்ளே நடப்பதை அலமாரியில் இருந்த ஸ்பீக்கர் கைபேசி வழியாக ஓதிக்கொண்டிருந்தது.

மரக்கடைக்காரரின் மனைவி தண்ணீர் கொடுத்த தட்டோடு வெளியே வந்தாள்.

“உள்ள இவ்வளவு நேரம் என்ன பண்ணினே?”

“தண்ணி குடுத்தேன். அந்தப் பொண்ணுக்கு மோட்டார் போடுற நேரம், குப்பை வண்டி வர்ற நேரமெல்லாம் ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தேன்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. “மோட்டார்தான் போன்லயே ஓடுதே. ரெண்டு வருஷமா அது தானா போட்டுக்குது, தானா நின்னுக்குது. நீ இன்னும் சீட்டு எழுதிட்டு இரு.”

சாக்கடையில் கை விட்டுக் காசு துழாவுகிறவனைப் பார்ப்பது போல அவள் அவரைப் பார்த்தாள். “சீ. புருஷன் பொண்டாட்டி பேசறதை ஒட்டுக் கேட்கறீங்களே, கூசலை?”

“கூசினா நான் மரம் வித்திருக்க முடியுமா? ரெண்டு நிமிஷம் அவங்க குசுகுசுத்தா எனக்கு அஞ்சு லட்சம். சும்மா இரு.”

அந்த வீட்டில் இணையத்தோடு கோத்த கருவிகள் பதினேழு. அவள் ஃபிரிட்ஜை எத்தனை தடவை திறந்தாள் என்று ஃபிரிட்ஜ் அவருக்குச் சொல்லும். எத்தனை கிலோ ஏறினாள் என்று குளியலறை எடை இயந்திரம் கோள் மூட்டும்.

போன மாதம் அவள் தன் அக்காவிடம் நாற்பது நிமிடம் அழுது பேசியதை, அன்று மதியச் சாப்பாட்டிலேயே அவர் வரி பிசகாமல் ஒப்பித்தார். “குக்கர் சத்தத்துலயும் எவ்வளவு தெளிவா எடுக்குது பாரு” என்று ஸ்பீக்கரை மெச்சவும் செய்தார். அன்றிலிருந்து அவள் அக்காவிடம் பேச வேண்டுமென்றால் தெருமுனைக்குப் போய்விடுகிறாள்.

வீடு விற்றுவிட்டால் மகள் வீட்டு மாடிக்குக் குடிபோவதாகப் பேச்சு. அங்கே இந்தக் கருமாந்திரங்களை மாட்ட மருமகன் விடமாட்டான். அவள் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஆனால் வீடு போக வேண்டுமே. போன தடவை வீடு பார்க்க வந்து ஐம்பத்தைந்து லட்சத்தில் நின்ற ஆளிடம், மரக்கடைக்காரர் “உங்க மாமனார் நகையை வெச்சுத் தர்றேன்னு சொன்னாரே” என்று வாய் தவறி உளறிவிட்டார். அவர்கள் தங்களுக்குள் கிசுகிசுத்துக்கொண்ட சங்கதி அது. வந்தவர்கள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார்கள்.

இயர்போனில் குரல் வந்தது. மரக்கடைக்காரர் விரலை உதட்டில் வைத்தார்.

“என்ன விலைங்க சொல்லப் போறீங்க?” என்றாள் மருந்துக்கடைக்காரரின் மனைவி.

“அறுபது. அதுக்கு மேல ஒத்தைக் காசு கிடையாது.”

“மசியலைன்னா?”

“எழுந்து போயிட்டே இருப்போம். நாலு மணிக்கு அடுத்த தெரு வீட்டுல வரச் சொல்லியிருக்காங்க. முன்பணத்தை அங்க குடுத்துடுவோம்.”

மரக்கடைக்காரர் மணியைப் பார்த்தார். மூன்றேகால். இயர்போனைக் கழற்றிச் சட்டைத் துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

எழுபத்தைந்தில் தொடங்கினார். மகளைக் கட்டிக்கொடுப்பது போலக் கலங்கினார், நிலைக்கதவைத் தட்டித் தேக்கு என்றார். அறுபத்தைந்துக்கு வந்து மூச்சு வாங்கினார். மருந்துக்கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே நாற்காலியிலிருந்து பாதி எழுந்தபோது, “சரி, உங்க முகத்துக்காக அறுபது” என்று கையைப் பிடித்துக்கொண்டார். முன்பணம் கை மாறியது. ஒப்பந்தத் தாளில் நான்கு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

வந்தவர்கள் வெளியேறியதும் அவர் நாற்காலியில் சாய்ந்தார். “பார்த்தியா? போன ஆளைவிட அஞ்சு லட்சம் கூட. அடிமடி வரைக்கும் உருவிட்டேன்.”

பழக்கதோஷம், கை தானாக இயர்போனை மாட்டிக்கொண்டது. வாசல் கதவின் அழைப்பு மணியிலும் ஒரு காது உண்டு.

“எழுபது வரைக்கும் போகலாம்னுதானேங்க கிளம்பி வந்தோம்?” என்றாள் அந்தப் பெண்.

“ஆமா. பத்து லட்சம் மிச்சம். அந்தச் சீட்டைப் பத்திரமா வெச்சுக்க.”

மரக்கடைக்காரர் இயர்போனைப் பிடுங்கினார். அவர் திரும்பியபோது மனைவி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“சீட்டுல என்ன எழுதிக் குடுத்தே?”

“சமையலறையில ‘அறுபதுக்கு மேல இல்ல’ன்னு மட்டும் பேசுங்கன்னு எழுதினேன். காகிதத்துக்குக் காது இல்ல பாருங்க.”

“அடிப்பாவி, பத்து லட்சம்!”

அவள் கடைசி டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

“ரெண்டு நிமிஷம் அஞ்சு லட்சம்னு நீங்க போட்ட விலைதான். நான் அக்காகிட்ட பேசின நாப்பது நிமிஷத்துக்கு ஒரு கோடி ஆகுது. பத்து கழிச்சாச்சு, பாக்கி தொண்ணூறு லட்சம் எடுத்து வையுங்க.”